வீல்பரோ வாங்கப் போறீங்களா? முதல்ல பாதையைப் பாருங்க



இந்த முறை ஒரு தள்ளுவண்டியைப் பற்றி எழுதுகிறோம். "இதுக்குமா ஒரு கட்டுரை?" என்று சிரிக்க வேண்டாம். லயத்தை விட்டு 7 பேர்ச்சஸ் காணியில் சொந்தமாக வீடு கட்டுகிற குடும்பங்களும், வீட்டுக்குப் பின்னால் கரட், லீக்ஸ், போஞ்சி போடுகிற குடும்பங்களும் நம்மிடம் அடிக்கடி கேட்கிற கேள்வி இது. "ஒரு வீல்பரோ எடுக்கலாம்னு இருக்கோம், எது நல்லது?" ஒற்றை வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. ஏன் என்பதைத்தான் இங்கே விளக்கப் பார்க்கிறோம்.

முதலில் ஒரு கணக்கு. லொறிக்காரர் ரோட்டோரத்தில் மணலைக் கொட்டிவிட்டுப் போய்விடுவார். அங்கிருந்து வீடு கட்டும் இடத்துக்கு ஒற்றையடிப் பாதையில் 150 மீற்றர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கியூப் மணல் என்றால் 100 கன அடி. காய்ந்த மணலாக இருந்தால் ஏறக்குறைய 4,500 கிலோ வரும். மழையில் நனைந்துவிட்டால் 5,000 கிலோவையும் தாண்டும். தாச்சியில் 20 கிலோ அள்ளித் தலையில் வைத்துச் சுமந்தால் 225 நடை. போக 150, வர 150 என்று பார்த்தால் அது 67 கிலோமீற்றருக்கு மேல். அதே மணலை வீல்பரோவில் நடைக்கு 80 கிலோ வீதம் தள்ளினால் 57 நடை, 17 கிலோமீற்றர் சொச்சம். ஒரு கியூபுக்கே இப்படி என்றால், 550 சதுர அடி வீட்டுக்கு அத்திவாரம், சுவர், பூச்சு, தரை என்று எல்லாவற்றுக்கும் சேர்த்து எத்தனை நடை வரும் என்று நீங்களே கணக்குப் பாருங்க. அதோடு கல்லும் சீமெந்தும் இருக்கிறது.

இந்தச் சுமையை நம் ஆட்கள் எப்போது சுமக்கிறார்கள்? பகல் முழுக்க மலையில் நின்று, கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து, சாயந்திரம் இருட்டுவதற்குள் சுமக்கிறார்கள். இடுப்புப் பிடித்துக்கொண்டால் மறுநாள் பெரட்டுக்குப் போக முடியாது, பேர் விழாது. வீடு கட்ட மிச்சம் பிடிக்கப் போய் சம்பளத்தில் துண்டு விழுந்துவிடும். ஒரு ஆண் தொழிலாளி கையால் தூக்கும் சுமை 55 கிலோவுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், பெண்களுக்கு அதைவிட நன்றாகவே குறைவாக இருக்க வேண்டும் என்று சர்வதேச தொழில் தாபனம் 1967 ஆம் ஆண்டிலேயே சொல்லி வைத்திருக்கிறது. ஒரு சீமெந்து மூட்டை 50 கிலோ. அதை முதுகில் ஏற்றிக்கொண்டு வழுக்குகிற படியில் இறங்குகிறவர்களுக்கு அந்த 55 எங்கே நிற்கிறது என்று சொல்லத் தேவையில்லை.

ஆகவே வண்டி தேவைதான். ஆனால் எந்த வண்டி?

கடைக்குப் போவதற்கு முன்னால்

டவுனில் இரும்புக் கடைக்குப் போனால் முதலாளி பெரிய தொட்டியுள்ள வண்டியைத்தான் முன்னால் இழுத்து வைப்பார். "பெருசா எடுத்துக்கங்க, நடை குறையும்" என்பார். கொழும்பில், சமதரையில், பலகை போட்ட வழியில் வேலை செய்கிறவருக்கு அது சரியாக இருக்கலாம். நமக்கு அப்படியில்லை. நம்ம பாதையில் ஏற்றம் உண்டு, இறக்கம் உண்டு, குறுக்கே கான் ஓடும், கல் துருத்திக்கொண்டு நிற்கும், மழைக்காலத்தில் பாதி வழி சேறு. அதனால் கடைக்குப் போகுமுன் பாதையை ஒரு தடவை நடந்து பாருங்கள். ஒரு கயிறையும் எடுத்துக்கொண்டு போங்கள். பாதையின் ஆக ஒடுக்கமான இடத்தை அளந்து முடிச்சுப் போட்டுக்கொண்டு வாருங்கள். அந்த முடிச்சோடு கடைக்குப் போனால் எந்த வண்டி உள்ளே போகும், எது போகாது என்று அங்கேயே தெரிந்துவிடும். வண்டியின் அகலம் மட்டும் போதாது. தள்ளுகிறவரின் இரண்டு முழங்கைக்கும் இடம் வேண்டும்.

ஒற்றைச் சக்கரமா, இரட்டைச் சக்கரமா என்ற கேள்விக்கும் பாதைதான் பதில் சொல்லும். ஒற்றைச் சக்கர வீல்பரோவுக்கு ஒரு அடி அகலத்தில் நல்ல தடம் இருந்தால் போதும், சக்கரம் அதில் ஓடிவிடும். கல்லைச் சுற்றி வளைத்துத் திருப்பலாம். பாதை ஒரு பக்கமாகச் சரிந்திருந்தாலும் கைபிடியைச் சாய்த்துப் பிடித்துச் சமாளிக்கலாம். அதற்குப் பதிலாக, வண்டி விழாமல் பார்த்துக்கொள்கிற வேலை நம் தோளுக்கு வந்துவிடுகிறது. இரட்டைச் சக்கரக் கைவண்டி தானாக நிற்கும், தூக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. ஆனால் இரண்டு சக்கரத்துக்கும் தடம் வேண்டும். பக்கவாட்டில் சரிந்த பாதையில் கீழ்ப்பக்கச் சக்கரம் இறங்கினால் வண்டியே குடைசாயும், கையால் தடுத்து நிறுத்த முடியாது.

எங்கள் அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்கிறோம். தேயிலை மலைக்குள் போகிற ஒற்றையடிப் பாதை என்றால் ஒற்றைச் சக்கரம்தான். லயத்துக்கு முன்னால் உள்ள வாசல், கொங்கிரீட் போட்ட தோட்டத்துப் பாதை, விறகு, புல்லுக்கட்டு, தண்ணீர்க் கேன் என்றால் இரட்டைச் சக்கரக் கைவண்டி நல்லது. பழைய சைக்கிள் சக்கரத்தை வைத்து வெல்டிங் கடையில் கைவண்டி அடிப்பவர்களும் இருக்கிறார்கள். புல்லுக்கும் விறகுக்கும் அது தாங்கும். கல்லும் மணலும் ஏற்றினால், அதுவும் சரிவில் திருப்பினால், சைக்கிள் சக்கரம் வளைந்துவிடும். அதன் கம்பிகள் நேராக வருகிற பாரத்தைத் தாங்கத்தான் செய்யப்பட்டவை, பக்கத்திலிருந்து வருகிற பாரத்தை அல்ல.

அலவாங்கும் வீல்பரோவும் ஒன்றுதான்

பெரிய கல்லைப் புரட்ட அலவாங்கை எப்படிப் போடுகிறோம்? கல்லுக்குக் கிட்டவாக முட்டுக் கொடுத்து, தூரத்தில் கையை வைக்கிறோம். வீல்பரோவும் அதே கணக்குத்தான். முட்டுக்குப் பதிலாகச் சக்கரம், அலவாங்கின் முனைக்குப் பதிலாகக் கைபிடி. சுமை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. சுமை சக்கரத்துக்கு எவ்வளவு கிட்ட இருக்கிறதோ, அவ்வளவுக்குக் கையில் பாரம் குறையும்.

எண்ணில் சொன்னால் இன்னும் விளங்கும். சக்கரத்தின் அச்சிலிருந்து கைபிடிக்கு 135 சென்ரிமீற்றர் என்று வைப்போம். 80 கிலோ சுமையின் நடு, அச்சிலிருந்து 45 சென்ரிமீற்றரில் இருந்தால் கைக்கு வருவது 27 கிலோ. அதே 80 கிலோவைக் கொஞ்சம் பின்னால் ஏற்றி, நடு 70 சென்ரிமீற்றருக்கு வந்துவிட்டால் கைக்கு வருவது 41 கிலோவுக்கு மேல். சுமை கூடவில்லை, இடம்தான் மாறியது, இடுப்புக்கு 14 கிலோ அதிகம். அதனால்தான் மேசன் பாஸ்மார் சவலால் அள்ளும்போதே முன்பக்கமாகப் போடச் சொல்கிறார்கள். சீமெந்து மூட்டையையும் சக்கரத்தின் பக்கமாகத் தள்ளிக் குறுக்காகக் கிடத்த வேண்டும். (சீனாவில் பழைய காலத்து ஒற்றைச் சக்கர வண்டியில் பெரிய சக்கரத்தை வண்டியின் நடுவிலேயே வைத்து, சுமையை இரண்டு பக்கமும் கட்டுவார்கள். முழுப் பாரமும் சக்கரத்தின் மேல். அவர்களும் மலைநாட்டில் பாடுபட்டவர்கள்தானே!)

கடையில் இதைச் சோதித்துப் பார்க்கலாம். இரும்புக் கடையில் சீமெந்து மூட்டை எப்படியும் இருக்கும். "முதலாளி, ஒரு மூட்டையைத் தூக்கி வைங்க, தள்ளிப் பார்க்கணும்" என்று கேட்க வெட்கப்பட வேண்டாம். நம்ம காசு. ஒரே அளவுத் தொட்டியுள்ள இரண்டு வண்டியில் அதே மூட்டையை ஏற்றித் தூக்கிப் பார்த்தால் வித்தியாசம் கைக்குத் தெரியும். தொட்டி சக்கரத்தின் மேலே சாய்ந்து முன்னால் நிற்கும் வண்டி லேசாக இருக்கும். தொட்டி பின்னால் தள்ளி, நம் வயிற்றுக்குக் கிட்ட நிற்கும் வண்டி கனக்கும்.

இன்னொரு விஷயம், யார் தள்ளப் போகிறாரோ அவர்தான் தள்ளிப் பார்க்க வேண்டும். கொழும்பில் வேலை செய்கிற மகன் லீவில் வந்து தன் உயரத்துக்குப் பார்த்து வாங்கிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவான். தள்ளுவது அம்மா. நேராக நின்று கையைத் தொங்கவிட்டு, முழங்கையைக் கொஞ்சமாக மடித்துக் கைபிடியைத் தூக்கும்போது வண்டியின் கால்கள் தரையிலிருந்து நன்றாக எழும்ப வேண்டும். குள்ளமானவர் தூக்கினால் சில வண்டியின் கால் தரையை உரசிக்கொண்டே வரும், படியிலும் கல்லிலும் தட்டும். அந்த வண்டி எவ்வளவு மலிவாக இருந்தாலும் அந்த அம்மாவுக்கு அது உதவாது. அக்காமாரே, தங்கச்சிமாரே, வீட்டு ஆம்பளைகள் கடைக்குப் புறப்பட்டால் நீங்களும் கூடப் போங்க.

தொட்டியின் அளவு: நினைப்பதற்கு நேர்மாறு

தோட்டவேலைக்குச் சின்ன வண்டி, கட்டட வேலைக்குப் பெரிய வண்டி என்று பலர் நினைக்கிறார்கள். நம்ம மலையில் அது தலைகீழ். காய்ந்த கூட்டெரு, இலை, களை, புல் எல்லாம் இடத்தை அடைக்கும், ஆனால் கனம் இல்லை. அதற்குத்தான் பெரிய தொட்டி வேண்டும். மணலும் கொங்கிரீட்டும் கொஞ்ச இடத்தில் நிறையக் கனக்கும்.

வீட்டில் இருக்கிற 10 லீற்றர் வாளியை வைத்தே அளக்கலாம். ஒரு வாளி தண்ணீர் 10 கிலோ. ஒரு வாளி காய்ந்த மணல் 16 கிலோ. ஒரு வாளி குழைத்த கொங்கிரீட் 24 கிலோ. ஆக 65 லீற்றர் தொட்டியை நிரப்பினால் மணலில் 104 கிலோ, கொங்கிரீட்டில் 156 கிலோ. 100 லீற்றர் தொட்டியில் கொங்கிரீட் நிரப்பினால் 240 கிலோ! அதைத் தள்ளி மேட்டில் ஏற்ற யாரால் முடியும்? முடியாது என்று தெரிந்தும், தொட்டியில் இடம் இருந்தால் கை சும்மா இருக்காது, இன்னும் இரண்டு சவல் போடச் சொல்லும். ஆகவே வீடு கட்டத்தான் வண்டி என்றால் 65 லீற்றருக்குள் எடுங்கள். மணலுக்கு ஐந்து வாளி, கொங்கிரீட்டுக்கு மூன்று வாளி என்று கணக்கு வைத்து, தொட்டியின் உள்பக்கத்தில் பெயின்ரால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். ஏற்றம் கடுமையாக இருந்தால் கோட்டை இன்னும் இறக்கிப் போடலாம். கணக்குத் தெரியாத பிள்ளை அள்ளினாலும் கோடு சொல்லிக் கொடுக்கும்.

தொட்டி தகரமா, பிளாஸ்டிக்கா? எருவுக்கும் மண்ணுக்கும் மட்டும் என்றால் கெட்டியான பிளாஸ்டிக் நல்லது, துருப்பிடிக்காது, லேசு. கருங்கல்லைத் தூக்கி எறிந்தால் வெடிக்கும். கட்டட வேலைக்குத் தகரம்தான். தகரத்தில் விளிம்பு உருட்டி மடித்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். மடிக்காத விளிம்பு கையையும் வெட்டும், சீக்கிரம் நெளியும். தொட்டியின் அடியை உள்ளங்கையால் அழுத்தினால் "டப்" என்று உள்ளே போய் வெளியே வந்தால் தகரம் மெல்லிசு.

சக்கரத்தில்தான் காசு

தொட்டி நெளிந்தால் தட்டி எடுக்கலாம். கைபிடி உடைந்தால் வெல்டிங் வைக்கலாம். சக்கரம் சரியில்லாத வண்டி கோழிக்குத் தீவனம் வைக்கத்தான் உதவும். காற்றடிக்கிற டயர், சேற்றிலும் சின்னக் கல்லிலும் லேசாக ஓடும், அதிர்வு கைக்கு வராது. பஞ்சர் ஆகும் என்பதுதான் குறை. கட்டி ரப்பர் சக்கரம் பஞ்சர் ஆகாது, ஆனால் ஒடுக்கமாக இருந்தால் மழைக்காலத்து மண்ணைக் கீறிக்கொண்டு உள்ளே இறங்கிவிடும், ஒவ்வொரு கல்லும் தோள்பட்டையில் தெரியும். நம்ம பாதைக்குக் காற்று டயரையே சொல்வோம்.

அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. டயரின் ஓரத்தில் உள்ள நம்பரைப் பாருங்கள். 4.00-8 என்று போட்டிருந்தால் அது நம்ம ஓட்டோக்களில் ஓடுகிற டயர் அளவுதான். அந்த அளவு டியூப் டவுனில் ஓட்டோ உதிரிப்பாகம் விற்கிற கடையில் தேடலாம், பஞ்சர் ஒட்டுகிற தம்பிக்கும் பழக்கமான சாமான். தெரியாத நம்பர் என்றால், வாங்கும்போதே அந்த டியூப் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டுவிடுங்கள். காற்று அடிக்கும்போது கவனம் வேண்டும். டயர் ஓரத்தில் எழுதியிருக்கிற அளவுக்கு மேல் ஏற்றக் கூடாது. கராஜில் உள்ள கம்பிரெசரால் ஒரேயடியாக அடித்தால், இரண்டு தட்டைச் சேர்த்துப் போல்ட் போட்ட சக்கரம் பிளந்து ஆளைக் காயப்படுத்தும். கொஞ்சம் கொஞ்சமாக அடித்து, முகத்தைச் சக்கரத்துக்கு நேரே வைக்காமல் நில்லுங்கள்.

அச்சில் பேரிங் இருக்கிறதா, அல்லது வெறும் குழாய்க்குள் கம்பி சுற்றுகிறதா என்றும் பாருங்கள். சக்கரத்தைத் தரைக்கு மேல் தூக்கிச் சுழற்றினால் சத்தமில்லாமல் சுற்ற வேண்டும். பக்கவாட்டில் ஆட்டினால் ஆடக் கூடாது.

ஏற்றமும் இறக்கமும்

எவ்வளவு நல்ல வண்டியானாலும் மலை மலைதான். வண்டியின் கனம் 15, சுமை 80, மொத்தம் 95 கிலோ என்று வைப்போம். 10 அடிக்கு 1 அடி ஏறுகிற பாதையில் கைபிடியைத் தூக்கிப் பிடிப்பதோடு, முன்னால் தள்ளவே கிட்டத்தட்ட 9 கிலோவுக்கு மேல் பலம் வேண்டும். 5 அடிக்கு 1 அடி ஏறினால் அது இரட்டிப்பாகும். சேறும் கல்லும் இதற்கு மேலே. அப்படிப்பட்ட ஏற்றத்தில் ஒருவர் தனியாகத் தள்ளக் கூடாது. வண்டியின் மூக்கில், சக்கரத்தைத் தாங்குகிற இரும்பில், ஒரு கயிறைக் கட்டி இன்னொருவர் முன்னால் இழுக்க வேண்டும். கயிறைக் கையில் சுற்றிக்கொள்ள வேண்டாம், விட வேண்டிய நேரத்தில் விட முடியாமல் போகும்.

இறக்கம் இன்னும் மோசம். ஏற்றத்தில் களைப்புத்தான் வரும், இறக்கத்தில் வண்டி ஆளை இழுத்துக்கொண்டு ஓடும். கயிறைப் பின்பக்கச் சட்டத்தில் கட்டி, மேலே நிற்பவர் பிடித்துக்கொண்டே வர வேண்டும். தள்ளுகிறவர் வேகம் கூடுகிறது என்று தெரிந்தவுடன் கைபிடியைக் கீழே இறக்கினால் வண்டியின் இரண்டு காலும் தரையில் உரசிப் பிரேக் பிடிக்கும். அதற்காகத்தான் கால்கள் கெட்டியாக இருக்க வேண்டும், இரண்டு காலையும் சேர்த்துக் குறுக்குச் சட்டம் இருக்க வேண்டும் என்று சொல்கிறோம். அதையும் மீறிப் போனால் வண்டியை விட்டுவிட்டு ஒதுங்குங்கள். மணல் போனால் போகட்டும். இதனாலேயே வண்டிக்குக் கீழே, பாதையில், பிள்ளைகள் நிற்காமல் பார்க்க வேண்டும். பிள்ளைகளை வண்டியில் ஏற்றி விளையாட்டுக் காட்டுவதும் வேண்டாம்.

பாதையில் அரை நாள் வேலை செய்தால் வண்டிக்குச் செலவழிக்கிற காசில் பாதி மிச்சம். துருத்துகிற கல்லை அலவாங்கால் கிளப்பிப் போடுங்கள். கானுக்கு மேல் கெட்டியான பலகை போட்டு, அது நழுவாமல் இரண்டு பக்கமும் முளை அடியுங்கள். இருபது மீற்றருக்கு ஒரு இடத்தில் வண்டியைச் சமமாக நிறுத்தி மூச்சு வாங்க இடம் வெட்டுங்கள். ஆனால் ஒன்று, வண்டி போகட்டும் என்று கானை மண் போட்டு மூடிவிடாதீங்க. லயத்துக்குப் பின்னால் உள்ள மண்மேட்டையும் வெட்டாதீங்க. கான் அடைபட்டால் மழைத்தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும். அடைமழையில் மலை சரிந்தால் என்ன ஆகும் என்பதை 2014 ஒக்டோபர் 29 இல் மீரியபெத்தையில் பார்த்துவிட்டோம்.

ஒரு வீட்டுக்கு ஒரு வண்டி வேண்டுமா?

வேண்டியதில்லை என்பதே எங்கள் எண்ணம். வீடு கட்டுகிற சில மாதத்துக்குத்தான் கனமான வேலை. பக்கத்துப் பக்கத்தில் கட்டுகிற நாலைந்து குடும்பம் சேர்ந்து நல்ல வண்டி ஒன்றும், தேவைப்பட்டால் சாதாரண வண்டி ஒன்றும் வாங்கலாம். வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கக் கூட்டத்தில் பேசி முடிவெடுக்கலாம். மலிவாக ஆளுக்கொன்று வாங்கி, நாலு மாதத்தில் நாலு ஓட்டை வண்டி லயத்துக்குப் பின்னால் கிடப்பதைவிட இது மேல். சண்டை வருவது வண்டியால் அல்ல, பஞ்சருக்கு யார் காசு கொடுப்பது என்பதால்தான். அதை வாங்குகிற அன்றைக்கே பேசிவிடுங்கள். யார் கையில் இருக்கும்போது பஞ்சர் ஆனதோ அவர் ஒட்டிக் கொடுக்க வேண்டும், டயரே தேய்ந்தால் எல்லோரும் போட வேண்டும் என்று ஒரு கொப்பியில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். கொப்பி ஒருவர் பொறுப்பில் இருக்கட்டும்.

பராமரிப்பு அதிகம் இல்லை. கொங்கிரீட் ஏற்றிய அன்றே, காய்வதற்கு முன், தண்ணீர் ஊற்றித் தேய்த்துக் கழுவுங்கள். காய்ந்த பிறகு சுத்தியலால் தட்டினால் தொட்டிதான் நெளியும். உரம் ஏற்றியிருந்தால் கட்டாயம் கழுவ வேண்டும், உர உப்புத் தகரத்தை அரித்துவிடும். மருந்துக் கேன் ஏற்றிய வண்டியைக் கழுவாமல் அதில் மரக்கறி ஏற்றக் கூடாது, கழுவிய தண்ணீரைப் பீலிப்பக்கம் விடவும் கூடாது. மாதம் ஒரு தடவை அச்சில் கிரீஸ் வைத்து, போல்ட்டுகளை இறுக்குங்கள். புது வண்டியாக இருந்தால் முதல் வாரத்திலேயே ஒரு தடவை இறுக்க வேண்டும், கடையில் அவசரமாகப் பூட்டிக் கொடுத்திருப்பார்கள். இரவில் மழையில் கிடக்கிற வண்டியின் தொட்டியில் தண்ணீர் தேங்கினால் துருவும் வரும், நுளம்பும் முட்டையிடும். வேலை முடிந்ததும் கவிழ்த்து, சுவரில் சாத்தி வையுங்கள்.